'ஃபிக்ஸ்' என்று மட்டும் எழுதினால் போதுமா?

கேள்வி: வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. நிரல் சரியாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் நிரல் மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பைப் பார்த்து, 'கமிட் மெசேஜ் புரியவில்லை' என்று டீம் லீட் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார். அதில் அப்படி என்னதான் எழுத வேண்டும்?

பதில்: எந்த வரி மாறியது என்பதை, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளே காட்டிவிடும். ஏன் மாற்றினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. அதைத்தான் உங்கள் லீட் கேட்கிறார்.

ஒருமுறை பழைய நிரல் ஒன்றில், பணம் கட்டியதும் 3 நொடி காத்திருக்கும் வரி ஒன்றைப் பார்த்தேன். வீண் தாமதம் என்று பட்டது. வரியைக் கடைசியாக மாற்றியது யார், எந்த கமிட்டில் என்று காட்டும் கிட் பிளேம் போட்டுப் பார்த்தால் 'ஃபிக்ஸ்' என்று ஒரே ஒரு சொல். எழுதியவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். வரியை எடுத்துவிட்டேன். அன்று மாலையே, பணம் கட்டியவர்களுக்கெல்லாம் 'தோல்வி' என்று காட்டத் தொடங்கியது. வங்கியிலிருந்து பதில் வரத் தாமதமாகும் என்பதற்காக வைத்த வரி அது. அந்த ஒரு வாக்கியம் மெசேஜில் இருந்திருந்தால் நான் கை வைத்தே இருக்க மாட்டேன்.

சரி, எப்படி எழுதுவது? பில்லில் ரவுண்டிங் பிழையைத் திருத்தினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'பில் பிழை சரிசெய்யப்பட்டது' என்பதற்குப் பதில் இப்படி எழுதலாம்:

வரித்தொகையை மொத்தத்தில் ஒரே முறை ரவுண்ட் செய்

பொருளுக்குப் பொருள் தனித்தனியாக ரவுண்ட் செய்ததால், பொருள்கள் அதிகமுள்ள பில்லில் மொத்தம் சில பைசா கூடியது. பழைய பில்களை இந்த மாற்றம் தொடாது.

முதல் வரி தலைப்பு. 50 எழுத்துக்குள் அடங்கினால் நல்லது. அடுத்து ஒரு வரியைக் காலியாக விடுங்கள். விடாவிட்டால் கிட் கீழே உள்ளதையும் தலைப்போடு சேர்த்துவிடும், கமிட்களைக் காட்டும் லாக் பட்டியலில் படிக்கவே முடியாது. தலைப்பு 'சேர்', 'நீக்கு' என்று ஏவலாக இருக்கட்டும். கிட் தானாக எழுதும் மெர்ஜ் (இணைத்தல்), ரிவர்ட் (மாற்றத்தைத் திரும்பப் பெறுதல்) மெசேஜ்களும் அப்படித்தான் தொடங்கும்.

தலைப்பில் 'மற்றும்' போட வேண்டியிருக்கிறதா? அது பெரும்பாலும் இரண்டு கமிட்டாகப் பிரிய வேண்டிய வேலை. எழுத்துப்பிழை திருத்துவது போன்ற சின்ன மாற்றத்துக்குத் தலைப்பு மட்டும் போதும்.

அப்புறம், கமிட் கட்டளையின் 'எம்' (-m) ஆப்ஷனில் ஒரே வரியாக அடிக்கும் பழக்கத்தை விடுங்கள். அதற்குப் பதில் 'வி' (-v) ஆப்ஷன் கொடுத்தால் எடிட்டர் திறக்கும், என்ன மாறியது என்று காட்டும் டிஃப் கீழேயே தெரியும். அதைப் பார்த்தபடி எழுதலாம். தப்பாக எழுதிவிட்டால் அமெண்ட் செய்து, அதாவது கடைசி கமிட்டை மாற்றி எழுதி, திருத்துங்கள், ஆனால் புஷ் செய்வதற்கு (டீமின் பொதுச் சேமிப்பிடத்துக்கு அனுப்புவதற்கு) முன்பு. புஷ் செய்த பிறகு என்றால் டீமிடம் கேட்காமல் தொடாதீர்கள்.