பயிற்சி பெற்றோருக்கு, மாற்றம் பிள்ளைக்கா?

"பிள்ளை வளர்ப்புப் பயிற்சி வகுப்புக்குப் போவது அப்பா அம்மா, பிள்ளையின் அடம் எப்படிக் குறையும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான்.

கடையில் பிள்ளை மிட்டாய் கேட்கிறது, மறுக்கிறோம். தரையில் புரண்டு கத்தியதும் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். கத்தினால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது; கொடுத்தால் சத்தம் அடங்கும் என்று நாமும் கற்றுக்கொள்கிறோம். அமெரிக்காவின் ஓரிகனில் உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன் குடும்பங்களை வீட்டிலேயே கவனித்து விளக்கிய சுழல் இது. நம் பக்கம் மாறினால் பிள்ளையின் பக்கமும் மாறத் தொடங்கும்.

அப்படி நம் பக்கத்தை மாற்றத்தான் இந்த வகுப்புகள். 1970களில் உளவியலாளர் ஷீலா ஐபெர்க் உருவாக்கிய பயிற்சியில், 2 முதல் 7 வயது வரையிலான பிள்ளையோடு அம்மாவோ அப்பாவோ விளையாடுவார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து பயிற்சியாளர் அவர் காதில் மாட்டிய கருவி வழியே அவ்வப்போது சொல்லிக்கொடுப்பார். வெறுமனே "சமத்து" என்றால் போதாது. "பொம்மையைத் தங்கச்சிக்குக் கொடுத்தியே, ரொம்ப நல்லது" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். வீட்டிலும் தினம் 5 நிமிடம் இப்படி விளையாட வேண்டும். என்னைக் கேட்டால் இந்த 5 நிமிடம்தான் உயிர்நாடி. அப்புறம்தான் கண்டிப்பு: ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, அதுவும் தெளிவாக.

இத்தகைய வகுப்புகள் பற்றிய 77 மதிப்பீடுகளைத் தொகுத்த 2008 ஆய்வு ஒன்றிலும், சொந்தப் பிள்ளையோடு செய்து பழகிய வகுப்புகளே கூடுதல் பலன் தந்தன. அப்படிப்பட்டதாகப் பார்த்துச் சேருங்கள். தொடக்கத்தில் அடம் கொஞ்சம் கூடவும் செய்யலாம், பயந்து விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.