டிப் டீ ஏன் சப்பென்று இருக்கிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

தேயிலை ருசி பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவனிடம் ஜனங்கள் அபூர்வ இலைகளைப் பற்றிக் கேட்பதில்லை. மளிகைக் கடையில் வாங்குகிற, நூல் கட்டிய சாதா டீ பேக்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அண்மையில் வந்தவற்றில் சில இங்கே. முக்கி எடுத்தால் போதும் என்ற நினைப்புதான் பாதிக் குறைகளுக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

சார், வீட்டில் டிப் டீ போட்டால் பாலில் கலர் கலந்த மாதிரி சப்பென்று இருக்கிறது. அதே கம்பெனித் தூளைக் கொதிக்கவைத்தால் நன்றாக இருக்கிறது. பேக்கில் மட்டமான சரக்கைப் போடுகிறார்களா? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

சரக்கில் குறை இல்லை அம்மா, வரிசையில்தான். பாலைக் காய்ச்சி டம்ளரில் ஊற்றி, அதற்குள் பையைப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பாலில் டீ இறங்காது. அடுப்பில் பொங்கிய பால் டம்ளருக்கு வந்து சேர்வதற்குள் சூடு தணிந்துவிடும். இறங்குகிற கொஞ்சத்தையும் பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் பிடித்து வைத்துக்கொள்ளும். துவர்ப்பு நாக்குக்கு வந்து சேராது. அடுப்பில் தூளோடு பாலைச் சேர்த்துக் கொதிக்கவிடும்போது கதை வேறு. அங்கே சூடு விடாமல் இருக்கிறது, தூளும் தாராளமாக இருக்கிறது.

அளவைப் பாருங்கள். நம் ஊரில் விற்கும் ஒரு பையில் பெரும்பாலும் 2 கிராம் தூள்தான். ருசி பார்ப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தர முறைப்படி 2 கிராமுக்கு 100 மி.லி. கொதிநீர், ஆறு நிமிடம். (இதே விஷயத்துக்கு பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனம் ஆறு பக்க ஆவணம் எழுதி, அதற்காக 1999-ல் இக் நோபல் என்ற கேலிப் பரிசையும் வாங்கியது.) அந்த முறை குறை கண்டுபிடிப்பதற்கானது, குடிப்பதற்குக் கடுப்பாக இருக்கும். வீட்டுக்கு, பால் இல்லாமல் என்றால் ஒரு பைக்கு 150 மி.லி. சரியாக வரும். பால் சேர்ப்பதானால் தண்ணீர் 100 மி.லி.யைத் தாண்ட வேண்டாம், பால் ஒரு 40 மி.லி. போதும். பெரிய மக் நிறைய வேண்டுமென்றால் இரண்டு பை போடுங்கள், தப்பில்லை.

டம்ளரைக் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கழுவிச் சூடாக்குங்கள். கனமான பீங்கான் மக் என்றால் இது அவசியம். இல்லாவிட்டால் ஊற்றிய உடனே தண்ணீரின் சூடு பத்துப் பதினைந்து டிகிரி இறங்கிவிடும். பையைப் போட்டு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை அதன் தலையிலேயே ஊற்றி, டபராவைக் கவிழ்த்து மூடி, நாலைந்து நிமிடம் தொடாமல் விட்டுவிடுங்கள். பையை எடுத்த பிறகு சூடான பால். ஆவின் நீலப் பாக்கெட்டை விடப் பச்சையோ ஆரஞ்சோ இதற்கு நல்லது. கொழுப்பு அதிகமுள்ள பாலைக் கொஞ்சம் விட்டாலே போதும், டீ நீர்த்துப் போகாது.

இவ்வளவு செய்தாலும் முக்குக் கடை டீ வராது. அதுதான் வேண்டுமென்றால் தூள் வாங்குங்கள்.

ஆபீசில் ஏழெட்டு முறை முக்கினாலே நல்ல சிவப்பு வந்துவிடுகிறது. அதற்கு மேல் வைத்தால் கசக்காதா? – சென்னை

நிறம் முந்திக்கொள்ளும், கனம் பின்னால்தான் வரும். கண்ணாடி டம்ளரில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அரை நிமிடத்தில் செம்மை பரவிவிடும். அப்போதே ஒரு வாய் குடித்தால் வெந்நீர் ருசிதான் தெரியும். மூன்று நிமிடம் கழித்துக் குடித்தால், நிறத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, ஆனால் ஈறு லேசாக இழுக்கும், நாக்கில் ஒரு பாரம் தெரியும். நல்ல டீக்கு அந்தத் துவர்ப்பு வேண்டும். பால் இல்லாமல் குடிப்பவர்கள் மூன்று நிமிடத்தில் எடுத்துவிடலாம், பாலோடு என்றால் ஐந்து நிமிடம் தாங்கும். முக்கி முக்கி ஆட்டுவதால் சாறு கொஞ்சம் வேகமாக இறங்குவது உண்மை. ஆனால் அது நேரத்துக்கு ஈடாகாது.

இன்னொன்று, ஆபீஸ் டிஸ்பென்சரின் சிவப்புக் குழாயில் வருவது வெந்நீர், கொதிநீர் அல்ல. கெட்டில் இருந்தால் அதில் வையுங்கள். மைக்ரோவேவில் தண்ணீரைச் சூடாக்கினால் எச்சரிக்கை. சில சமயம் குமிழியே விடாமல் கொதிநிலையைத் தாண்டி நிற்கும், பையைப் போட்டதும் குபீரென்று பொங்கிக் கையைச் சுட்டுவிடும். ஒரு மரக் குச்சியோ கரண்டியோ போட்டுச் சூடாக்கச் சொல்வார்கள். உலோகக் கரண்டி வேண்டாம், மரமே நல்லது.

நான் இருப்பது லண்டனில். பிளேன் டீ ஆறியதும் மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம் கட்டுகிறது, கோப்பை ஓரத்தில் பழுப்பாக ஒட்டுகிறது. பையில் மெழுகு பூசியிருக்கிறார்களா?

மெழுகு இல்லை, உங்கள் தண்ணீர்தான். லண்டன் குழாய்த் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலையின் துவர்ப்புச் சத்தான பாலிஃபீனால்களோடு காற்று படும் மேற்பரப்பில் சேர்ந்து அந்த ஆடையைக் கட்டுகின்றன. லண்டன் இம்பீரியல் கல்லூரியிலேயே 1990களில் இதைச் சுரண்டி எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னையில் போர் தண்ணீரில் டீ போடுகிறவர்கள் வீட்டிலும் இதே படலம்தான். கோவைக்காரர்களுக்குச் சிறுவாணி இருக்கிறது, கவலை இல்லை.

ஒரு சின்ன எலுமிச்சைத் துண்டைப் பிழிந்தால் படலம் மறைந்துவிடும், சிட்ரிக் அமிலம் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். கூடவே டீயின் நிறம் செம்மையிலிருந்து பொன்னிறத்துக்கு வெளிறும். டீ நீர்த்துவிட்டது என்று பயப்படாதீர்கள், புளிப்பு பட்டால் அந்தச் சாயம் அப்படித்தான் மாறும். எலுமிச்சை பிடிக்காதென்றால் வடிகட்டும் ஜக் வாங்குங்கள். கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிந்திருப்பதை வினிகர் விட்டுக் கொதிக்கவைத்துக் கழுவுங்கள்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். ஊட்டி, குன்னூருக்கு வந்துபோகிறவர்கள் "அங்கே குடித்தேன், அமிர்தம். அதே பாக்கெட்டை வாங்கி வந்தேன், வீட்டில் அந்த ருசி இல்லை" என்பார்கள். நியாயமாகப் பார்த்தால் மலையில் டீ மோசமாகத்தான் இருக்க வேண்டும். குன்னூர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் அதற்கும் ஓரிரு டிகிரி கீழே. சூடு குறைந்தும் டீ தெளிவாக வருகிறதென்றால், தண்ணீரின் மென்மைதான் பெரிய காரணம். குளிருக்கும் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. அதற்காக வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரில் எல்லா உப்பையும் உறிஞ்சிவிட்டுப் போட்டாலும் சரிப்படாது, டீ மொட்டையாக இருக்கும். பாதி ஆர்.ஓ., பாதி குழாய்த் தண்ணீர் கலந்து பாருங்கள்.

டீ பேக்கில் போடுவது ஃபேக்டரி தரையில் கூட்டி அள்ளிய தூசி என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? – மதுரை

இல்லை. டஸ்ட் என்பது சல்லடையில் பிரித்த அளவின் பெயர். பெரிய இலை மேலே நிற்கும், அதற்குக் கீழே உடைந்த இலை, பிறகு ஃபேனிங்ஸ், கடைசியில் டஸ்ட். தமிழ்நாட்டு டீக்கடைகளில் கொதிப்பதே ரெட் டஸ்ட், சூப்பர் ஃபைன் டஸ்ட் ரகங்கள்தான். அதைக் குடித்துவிட்டு டீ பேக்கை மட்டும் தூசி என்று திட்டுவது நியாயமில்லை! துகள் சிறிதானால் தண்ணீர் படும் பரப்பு கூடும், சாறு சீக்கிரம் இறங்கும். அதனால்தான் பைக்கு ஃபேனிங்ஸ், டஸ்ட் ரகங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1930களில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் கொண்டுவந்த சி.டி.சி. எந்திரம், பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டியது. இப்படிச் சீரான சின்ன மணிகளாக டீ மலிவாகக் கிடைக்க வழி பிறந்ததே அதனால்தான்.

உண்மையான கழிவு வேறு. நார், காம்பு, கூட்டித் தள்ளியது ஆகியவற்றை யார் வைத்திருக்கலாம், யாருக்கு விற்கலாம் என்பதற்கு இந்தியாவில் 1959-லிருந்தே தனிக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. மீறுகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். பெரும்பாலும் பேர் தெரியாத உதிரித் தூளில்தான். சந்தேகம் வந்தால் ஒரு பையை வெட்டி வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். மணிகள் ஒரே அளவில், கருமை கலந்த பழுப்பில் இருக்க வேண்டும். சிவந்த நார் நிறைய தெரிந்தால் சரக்கு மட்டம். சாயக் கலப்படம் பார்க்க, தூளை ஃபில்டர் பேப்பரில் பரப்பித் தண்ணீர் தெளித்து நனையவிட்டு, குழாயில் கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சாயம் போட்டிருந்தால் திட்டுத்திட்டாகக் கறை நிற்கும்.

பையைப் பிழியலாமா?

பாலோடு குடிப்பதானால் பிழியுங்கள். பால் இல்லாமல் என்றால் வேண்டாம், கடைசிச் சொட்டு கடுப்பு.

வீட்டில் எல்லாருக்கும் பால்மா போட்டுத்தான் தேத்தண்ணி. டீ பாக்கில் போட்டால் மாமி குறை சொல்கிறா. வெறும் தேத்தண்ணிக்கு என்றால் சரியாகத்தான் இருக்குது. – யாழ்ப்பாணம்

டீ பேக்குக்கு நல்ல ஜோடியே பால்மா, அதாவது பால் பவுடர்தான். திரவப் பால் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு வந்து சூட்டையும் ருசியையும் குறைக்கும், பால்மா இரண்டையும் செய்யாது. உங்கள் குறை வரிசையில் இருக்கலாம். கோப்பையில் பால்மாவும் சீனியும் டீ பாக்கும் ஒன்றாகப் போட்டுச் சுடுதண்ணி ஊற்றினால், கோவை வாசகிக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும். முதலில் சாயத்தை, அதாவது பால் சேர்க்காத டீயை, தனியாகக் கட்டியாக இறக்குங்கள். இரண்டு தேக்கரண்டி பால்மாவை அந்தச் சுடு சாயத்தில் கொஞ்சம் விட்டுக் கட்டி இல்லாமல் குழைத்து, மிச்சத்தையும் ஊற்றி ஆற்றுங்கள். டீ பாக்கில் இருப்பது எந்தப் பகுதித் தேயிலை என்றும் பாருங்கள். நுவரெலியாத் தேயிலை மெல்லிய வாசம், பால்மா அதை முழுங்கிவிடும். ருகுணு, சப்ரகமுவ என்று தாழ்நிலத் தேயிலை என்றால் பாலைத் தாங்கும். நுவரெலியாவை வெறுமனே, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க வையுங்கள். மாமி தன்பாட்டில் சமாதானமாவா.

தமிழ்நாட்டிலும் பால் பவுடரை ஊர்ப்பயணத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்காமல் வீட்டில் முயன்று பார்க்கலாம்.

பை பிளாஸ்டிக் என்கிறார்களே? – திருச்சி

எந்தப் பை என்பதைப் பொறுத்தது. சாதா பை பேப்பர். அதில் அபாக்கா என்ற, வாழை இனத்துச் செடியின் நார் கலந்திருக்கும், அதனால்தான் நனைந்தாலும் கிழிவதில்லை. ஓரம் அழுத்தி ஒட்டிய பைகளில் ஒட்டுவதற்காகக் கொஞ்சம் பாலிபுரோப்பிலீன் இழை சேர்ப்பதுண்டு. நடுவில் மடித்த இரட்டை அறைப் பைக்கு ஒட்டே தேவையில்லை. 1949-ல் ஜெர்மனியில் அடால்ஃப் ராம்போல்ட் செய்த எந்திரத்தின் வழி வந்தது அது. இரண்டு பக்கமும் தண்ணீர் புகுவதால் சாறும் நன்றாக இறங்கும். கடையில் தேடினால் அதையே வாங்குங்கள். முன்பு அதில் ஸ்டேப்ளர் பின் அடித்திருப்பார்கள். அதை நிறுத்தச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் உத்தரவிட்டது, இப்போது முடிச்சுதான்.

பளபளவென்று வலை போலிருக்கும் முக்கோணப் பைகளில்தான் யோசிக்க வேண்டும். 2019-ல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தினர் அப்படிப்பட்ட பிளாஸ்டிக் பையை 95 டிகிரி நீரில் போட்டு, ஒன்றிலிருந்து சுமார் 1,160 கோடி நுண்துகள்கள் உதிர்வதாகக் கணக்கிட்டார்கள். அந்த எண்ணிக்கை மிகை என்று மறுத்தவர்களும் உண்டு. நான் பேப்பர் பையோடு நிறுத்திக்கொள்கிறேன். உலர்ந்த பையைக் கிழித்துப் பாருங்கள்: பேப்பர் என்றால் ஓரத்தில் பஞ்சு மாதிரி நார் தெரியும், பிளாஸ்டிக் வலை இழுபடும்.

சாப்பிட்டவுடன் டீ குடித்தால் ரத்தசோகை வருமா?

தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சுவதைத் தேயிலை தடுக்கும் என்பது நிரூபணமானது. சோற்றுக்கும் டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கவே கூடாது. ஏற்கெனவே ரத்தம் குறைவு என்று சொல்லியிருந்தால் டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.

ஐஸ் டீ போட்டால் சேற்றுத் தண்ணீர் மாதிரி கலங்குகிறது. – புதுச்சேரி

டீ ஆறும்போது காஃபீனும் தியாஃபிளேவின் என்ற தேயிலைச் சத்தும் கைகோத்துத் திரளும், அந்தக் கலங்கல்தான். கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. ருசி பார்ப்பவர்கள் ஆறிய கோப்பையில் இதைக் கண்டால் சரக்குக்கு நல்ல சத்து இருக்கிறது என்பார்கள். கொஞ்சம் கொதிநீர் விட்டால் தெளிந்துவிடும். கலங்காமல் வேண்டுமென்றால் சூடே காட்டாதீர்கள். அரை லிட்டர் குளிர்ந்த குடிநீரில் நான்கு பை, ஃபிரிட்ஜில் இரவு முழுக்க. காலையில் பையை எடுத்துவிட்டு எலுமிச்சையும் சர்க்கரைப் பாகும். நீலகிரித் தேயிலை இதற்கென்றே பேர் வாங்கியது, அவ்வளவாகக் கலங்காது. அசாம் கலங்கும்.

இஞ்சி, ஏலக்காய் போட வேண்டுமென்றால்?

இரண்டையும் தட்டி, தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைப் பை மேல் ஊற்றுங்கள். பையோடு போட்டால் இஞ்சி வேகாது.

பிரித்த பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம். தேயிலை ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். இறுக்கமான டப்பா, இருட்டான அலமாரி. மசாலா டப்பா, கற்பூரம், ஊதுபத்தி பக்கத்தில் இருக்கக் கூடாது.

ஒரே பையை இரண்டு முறை போடலாமா?

உடனே என்றால் இரண்டாவது டம்ளரும் வரும், சத்தில்லாமல். காலையில் போட்டதை மாலைக்கு என்று ஈரமாகச் சாஸரில் வைத்திருந்தால் பூஞ்சை பிடிக்கும், வேண்டாம். கிழித்து, தூளை ரோஜாத் தொட்டியில் கொட்டிவிட்டுப் பையைக் குப்பையில் போடுங்கள்.