தெருநாய் மேல் வெந்நீர் ஊற்றுகிறார்கள், நான் என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் ஒரு தெருநாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கண்டாலே கல்லெறிகிறார். நேற்று முன்தினம் வெந்நீரை ஊற்றிவிட்டார். முதுகு நனைந்திருந்தது, காயம் எதுவும் தெரியவில்லை. நான் உணவு வைப்பதால்தான் நாய் இங்கேயே கிடக்கிறது என்று எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள். தாயையும் குட்டிகளையும் வேறெங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா?

பதில்: முதலில் அந்த முதுகைக் கவனியுங்கள். வெந்நீர்க் காயத்தை நாயின் முடி மறைத்துவிடும். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தோல் தடித்து, முடியோடு சேர்ந்து உரியும். என்னிடம் ஒரு பெட்டை நாயைத் தூக்கிவந்தவர், "ஒன்றுமில்லை டாக்டர், சாப்பிட மாட்டேன் என்கிறது" என்றுதான் சொன்னார். முடியை மழித்துப் பார்த்தால் தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை வெந்திருந்தது. முடி கொத்தாக வருகிறதா, நீர் கசிகிறதா, ஈ மொய்க்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தாலும் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டு வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென் நாய்க்கு விஷம். மறுபடி யாராவது வெந்நீர் ஊற்றினால், முடிந்தால் அந்த நிமிடமே குளிர்ந்த குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் காயத்தின் மேல் ஓடவிடுங்கள். ஐஸ், எண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம்.

வலியில் இருக்கும் தாய் நாய், தினமும் உணவு வைக்கும் உங்களையும் கடிக்கக்கூடும். நேராகப் போய்க் குனியாதீர்கள். சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். அதன் கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். அது உறுமினால் விலகிவிடுங்கள்.

வேறிடத்தில் கொண்டுபோய் விடுவது கூடவே கூடாது. குட்டிகளுக்குக் கண் திறக்கவே 10 முதல் 14 நாள் ஆகும். முதல் சில வாரங்களுக்குத் தாயின் சூடு இல்லாமல் அவை பிழைக்காது. எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோனாலும், புது இடத்தில் ஏற்கெனவே இருக்கும் நாய்கள் விடாது. இங்கே காலியாகும் இடத்துக்கும் தடுப்பூசி போடாத இன்னொரு நாய் வந்துசேரும்.

இனி பக்கத்து வீட்டுக்காரர். அவர் செய்தது கொடுமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் பார்த்தவரையில் கல்லெறிகிற கைகளில் பாதி பயந்த கைகள்தான். அந்தப் பயம் பொய்யும் அல்ல. உலகில் ரேபீஸால் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறக்கிறார்கள், கிட்டத்தட்ட எல்லோருக்கும் அது நாய்கள் மூலமே வருகிறது. ஆகவே அவரோடு வாதாடுவதற்கு முன் நாய்க்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, அந்த அட்டையை அவரிடம் காட்டுங்கள். ஓர் இடத்து நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டாலே ரேபீஸ் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பதையும் சொல்லுங்கள். குட்டிகள் சிறிதாக இருக்கும்வரைதான் தாய்க்கு இந்தச் சீற்றம், அவை வளர வளர அது தணிந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியவேண்டும். யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

உணவு விஷயத்தில் அண்டை வீட்டார் பக்கமும் நியாயம் இருக்கிறது. படிக்கட்டில் வைத்தால் நாய் படிக்கட்டைக் காக்கத்தான் செய்யும். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மூலைக்கு, தினமும் ஒரே நேரத்தில் வைக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். தின்று முடித்ததும் தட்டை எடுத்துக் கழுவிவிடுங்கள். குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்யவேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள்தான். பெட்டைக் குட்டிகளும் ஆறு மாதம் தாண்டினால் சினைபிடிக்கலாம்.

குட்டியின் கழுத்தில் குழந்தைகள் ஆசையாகக் கயிறு கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். குட்டி வளரும், கயிறு வளராது. சதைக்குள் புதைந்த கயிறுகளை நானே அறுத்து எடுத்திருக்கிறேன்.

இவ்வளவு செய்தபிறகும் வெந்நீர் வந்தால் பேச்சு போதும், புகார் கொடுங்கள். பல நாடுகளில் உரிமையாளர் இல்லாத விலங்கைக் கொடுமைப்படுத்துவதும் குற்றம்தான். தேதி, நேரம், இடம், பார்த்தவர்கள் பெயர், படங்கள், மருத்துவர் கையெழுத்திட்ட காய அறிக்கை எல்லாம் கையில் இருக்கட்டும். அவர் முகத்தைச் சமூக ஊடகத்தில் போடவேண்டாம். அந்தக் கோபம் திரும்பவும் நாய் மேல்தான் விடியும்.

இன்று மாலை டார்ச் எடுத்துக்கொண்டு போகும்போது குட்டிகளையும் எண்ணிப் பாருங்கள். முதுகு வெந்த தாய் படுத்துப் பால் கொடுக்க மறுக்கலாம். குட்டிகள் ஓயாமல் கத்தினாலோ, வயிறு ஒட்டியிருந்தாலோ காலைவரை காத்திருக்காதீர்கள்.