கல்லூரியில் கேம் கிளப் நடத்துகிறீர்களா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கோவையில் பொறியியல் படித்தபோது எங்கள் கல்லூரியின் கேம் டெவலப்மென்ட் கிளப்பை நடத்தினேன். இப்போது பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவில் கேம்ப்ளே புரோகிராமராக வேலை. ஜூனியர்களோடு தொடர்பு விடவில்லை. கிளப் நடத்துவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, முதல் மீட்டிங்குக்கு செமினார் ஹால் நிரம்பி வழிந்தது. மூன்றாவது வாரம் ஏழு பேர்தான் வந்தார்கள். என்ன செய்வது? (இரண்டாம் ஆண்டு மாணவர், ஈரோடு)

ஏழு பேர் நல்ல எண்ணிக்கைதான் தம்பி, இரண்டு குழு போடலாம். ஆனால் போனவர்கள் ஏன் போனார்கள் என்று பாருங்கள். பெரும்பாலான கிளப்களில் முதல் நாள் பிபிடி ஓடும்: நோக்கம், பொறுப்பாளர் பட்டியல், இந்த ஆண்டுத் திட்டம். அடுத்த வாரம் சி ஷார்ப் என்ற புரோகிராமிங் மொழியின் அடிப்படை வகுப்பு. கேம் செய்யலாம் என்று ஆசையாக வந்தவருக்கு ஐந்தாவது பீரியடுக்குப் பிறகு இன்னொரு லெக்சர். யார்தான் உட்காருவார்கள்?

முதல் நாளே கைவைக்க விடுங்கள். ஒரு கேரக்டர், நான்கு மேடைகள், ஓடவும் குதிக்கவும் மட்டும் முடிகிற ஒரு புராஜெக்டைத் தயாராக வைத்திருங்கள். குதிக்கும் வேகம், ஈர்ப்பு விசை ஆகிய இரண்டு எண்களை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவருடைய கேரக்டர் நிலாவில் இருப்பதுபோல் மிதக்கும், இன்னொருவருடையது கல் மாதிரி விழும். பக்கத்து சிஸ்டத்தை எட்டிப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

அப்புறம் 'கொயோட்டி டைம்' காட்டுங்கள். மேடையின் விளிம்பைத் தாண்டிவிட்ட பிறகும் சுமார் பத்தில் ஒரு நொடிவரை ஜம்ப் பட்டனை ஏற்றுக்கொள்வதுதான் அது. இது இல்லாத பதிப்பை ஆடுகிறவர்கள் "பட்டன் சரியா வேலை செய்யல" என்பார்கள். இருக்கிற பதிப்பில் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆடிக்கொண்டே போவார்கள். இரண்டுக்கும் நடுவே நாலைந்து வரி கோட்தான் வித்தியாசம். அதைப் பார்த்து "திரும்பக் காட்டுங்க" என்று கேட்கிறவர் அடுத்த வாரமும் வருவார்.

எங்கள் லேப் சிஸ்டங்கள் 8 ஜிபி ரேம், கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எந்த எஞ்சின்? யூனிட்டி தெரியாமல் வேலை கிடைக்குமா? (மூன்றாம் ஆண்டு மாணவி, திருச்சி)

எஞ்சின் என்றால் கேமை உருவாக்க உதவும் மென்பொருள்; யூனிட்டி, கோடோ, அன்ரியல் எல்லாம் அப்படிப்பட்டவை. கிளப்புக்கு கோடோ. இன்ஸ்டால் செய்யவே வேண்டாம், பென் டிரைவிலிருந்து அப்படியே ஓடும். லேப் அசிஸ்டென்டிடம் அட்மின் பாஸ்வேர்டு கேட்டு நிற்கிற வேலை மிச்சம். எம்ஐடி உரிமத்தில் வருகிற ஓப்பன் சோர்ஸ் என்பதால் கட்டணமோ கணக்குத் தொடங்கும் தொல்லையோ இல்லை. பழைய சிஸ்டங்களில் புராஜெக்ட் தொடங்கும்போதே திரையில் படம் வரையும் முறையாக 'கம்பாட்டிபிலிட்டி' ரெண்டரரைத் தேர்ந்தெடுங்கள். அது ஓப்பன்ஜிஎல் என்ற பழைய கிராபிக்ஸ் முறையில் ஓடுவதால் கிராபிக்ஸ் கார்டு இல்லாத இடத்திலும் சமாளிக்கும். அன்ரியலை அந்த லேபில் முயலவே வேண்டாம்.

வேலைக்கு யூனிட்டி இன்னும் தேவைதான். 2023 செப்டம்பரில் இன்ஸ்டால் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டார்கள். அந்த வருத்தத்தில் பலர் வெளியேறினாலும், நம் ஊர் மொபைல் ஸ்டுடியோக்களின் வேலை விளம்பரங்களில் யூனிட்டிதான் அதிகம் கண்ணில் படுகிறது. முதல் இரண்டு ஆண்டு கோடோவில் சின்னச் சின்ன கேம்களாக முடியுங்கள். மூன்றாம் ஆண்டில் அவற்றில் ஒன்றை யூனிட்டியில் மறுபடி செய்யுங்கள். அடிப்படை பிடிபட்டவருக்கு எஞ்சின் மாறுவது பெரிய மலை இல்லை.

ஹெச்ஓடி "கேம் விளையாட ஒரு கிளப்பா?" என்று லெட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். (இரண்டாம் ஆண்டு மாணவர், சேலம்)

லெட்டரோடு ஒரு முடிந்த கேமையும் கொண்டுபோங்கள். இரண்டு நிமிடத்தில் முடிகிற, அவர் போனிலேயே ஓடுகிற கேம். ஆடி முடித்த பிறகு அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்: மோதலைக் கண்டுபிடிக்கும் கணிதம், கேரக்டர் நிற்கிறதா, ஓடுகிறதா என்று நிலைகளைக் கையாளும் ஸ்டேட் மெஷின், கோட் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட், நான்கு பேர் பிரித்துச் செய்த வேலை. மினி புராஜெக்டில் அவர் எதிர்பார்ப்பதும் இதையெல்லாம்தான்.

முதல் ஆண்டு பணம் கேட்காதீர்கள். வாரத்தில் ஒரு மாலை, ஒரு லேப், ஒரு ஃபேக்கல்டி கோஆர்டினேட்டர், அவ்வளவே போதும். முன்னுதாரணம் கேட்டால் சொல்ல ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005-ல் செய்த 'நார்பாகுலர் டிராப்' என்ற புராஜெக்டைப் பார்த்து, வால்வ் என்ற கேம் நிறுவனம் அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. அந்த யோசனையிலிருந்து பிறந்ததுதான் 2007-ல் வந்த 'போர்ட்டல்' கேம்.

48 மணி நேர கேம் ஜாம் (குறித்த நேரத்துக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்ச்சி) நடத்த ஆசை. ஆனால் எங்கள் லேடீஸ் ஹாஸ்டலில் மாலை ஆறரைக்குள் உள்ளே இருக்க வேண்டும். பையன்கள் "நீங்க ரூம்ல இருந்து பண்ணுங்க" என்கிறார்கள். (மூன்றாம் ஆண்டு மாணவி, மதுரை)

இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் பல கிளப்களில் பெண்கள் விலகிப்போவது இந்த இடத்தில்தான்.

இரவு லேபில் உட்காரும் நான்கு பேர்தான் கேமின் முடிவுகளை எல்லாம் எடுப்பார்கள். காலையில் வருகிற பெண்ணிடம் "இந்த மெனுவை மட்டும் பண்ணிடு" என்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆனால் நடப்பது அதுதான். வார்டனிடம் போராடி ஒரு நாள் அனுமதி வாங்கலாம், ஒவ்வொரு ஜாமுக்கும் வாங்க முடியாது. அதனால் ஜாமையே பகலுக்கு மாற்றுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை ஒன்பது முதல் மாலை ஐந்தரை வரை. அதன்பிறகு லேபைப் பூட்டிவிட வேண்டும், எல்லாருக்கும். ராத்திரி ரூமில் கோட் எழுதக்கூடாது என்பதையும் விதியாக வையுங்கள்.

குளோபல் கேம் ஜாம் 2009-லிருந்து ஜனவரிக் கடைசி வாக்கில் நடக்கிறது. 48 மணி நேரம் என்பது அதனால் பிரபலமான கணக்கு. உங்கள் கல்லூரி ஜாமுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தூங்கி எழுந்து செய்த கேம் நன்றாகவும் இருக்கும்.

நேரத்தை இப்படிப் பிரியுங்கள். தலைப்பு கொடுத்து ஒரு மணி நேரத்துக்குள் யோசனை முடிவாக வேண்டும்: ஒரே திரை, ஆடுகிறவர் செய்யும் ஒரே ஒரு செயல், ஜெயிக்க ஒரு வழி. சனி மதியச் சாப்பாட்டுக்கு முன் வெறும் சதுரங்களையும் வட்டங்களையும் வைத்து ஆட முடிகிற நிலை வந்துவிட வேண்டும். சனி மாலை கிளம்புவதற்கு முன்பே ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து, அதாவது தனியாக ஓடும் கேமாக மாற்றி, கேம்களைப் பகிரும் தளமான இட்ச் டாட் ஐஓவில் ஏற்றிப் பாருங்கள். இதைத் தவறவிட்ட குழுக்கள் ஞாயிறு கடைசி நேரத்தில் வெள்ளைத் திரையைப் பார்த்து அழும். கோடோவில் வெப் எக்ஸ்போர்ட் செய்தால் 4.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் த்ரெட்ஸை (ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் வசதி) அணைத்து ஏற்றுங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். ஞாயிறு மதியம் ஒன்றுக்குப் பிறகு புதிதாக எதையும் சேர்க்கக்கூடாது. சரிசெய்வது, சவுண்டு போடுவது மட்டும்.

ஜாமில் ஜெயித்தவர்களுக்குப் பரிசுத் தொகை வைக்கலாமா? (அதே மாணவி)

வேண்டாம். பணம் வந்தால் நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் ஒரே குழுவாகச் சேர்ந்துகொள்வார்கள், முதலாண்டு மாணவர்கள் தனியாக நிற்பார்கள். அந்தப் பணத்தில் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு போடுங்கள்.

எங்கள் கிளப்பில் எல்லாரும் கோட் எழுதுபவர்கள். படம் வரைய, இசைக்க ஆளில்லை. (இரண்டாம் ஆண்டு மாணவர், சென்னை)

பக்கத்துக் கலைக் கல்லூரியின் விஸ்காம் துறைக்கு ஒரு நடை போய்வாருங்கள். உங்கள் கல்லூரியில் பி.ஆர்க் இருந்தால் அங்கேயும். அழைக்கும்போது "எங்களுக்குப் படம் வரைஞ்சு குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். கேம் எதைப் பற்றி என்று தீர்மானிக்கும் கூட்டத்திலேயே அவர்கள் உட்கார வேண்டும். கதவு எங்கே, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு ஆர்க்கிடெக்சர் மாணவி யோசிப்பதுபோல் நாம் யோசிப்பதில்லை.

அதுவரைக்கும் கேம்களுக்கான படங்களை இலவசமாகத் தரும் கென்னி தளத்தின் படங்கள், பெயர்கூடப் போட வேண்டாத சிசி0 உரிமத்தில் கிடைக்கின்றன, தாராளமாக எடுக்கலாம். ஒலிகள் கிடைக்கும் ஃப்ரீசவுண்ட் தளத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் உரிமம் வேறுபடும், சிலவற்றுக்குப் பெயர் போட வேண்டும், சிலவற்றை விற்பனைக்குப் பயன்படுத்தக்கூடாது. எடுக்கும்போதே ஒரு ஷீட்டில் குறித்துவையுங்கள். சினிமா பிஜிஎம் வேண்டவே வேண்டாம். போனில் நீங்களே பதிவு செய்யலாம்: டிபன் பாக்ஸ் மூடும் சத்தம், காய்ந்த சருகை மிதிக்கும் சத்தம். எங்கள் கிளப் கேம்களில் வந்த நல்ல ஒலிகள் பலவும் ஹாஸ்டல் மெஸ்ஸில் பிடித்தவை.

தமிழில் கேம் செய்கிறோம். எழுத்தெல்லாம் உடைந்து வருகிறது. (பல பேர்)

இதைக் கேட்டவர்கள் இத்தனை பேர் என்பதே எனக்குச் சந்தோஷம்.

'கெ' என்பதில் கணினிக்குள் முதலில் இருப்பது க, பிறகுதான் கொம்பு. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது எஞ்சினின் வேலை. யூனிட்டியில் பெரும்பாலோர் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோ அந்த வேலையைச் செய்யாது, அதனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கும். கோடோ 3-லும் இதே கதைதான். கோடோ 4-ல் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நூலகம் உள்ளேயே இருப்பதால் 'கொ', 'கௌ' எல்லாம் சரியாக வரும்.

உங்கள் லேப்டாப்பில் சரியாகத் தெரிந்து, வெப்பில் ஏற்றியதும் கட்டம் கட்டமாக வருகிறதா? லேப்டாப்பில் கோடோ விண்டோஸின் தமிழ் ஃபான்ட்டை எடுத்துக்கொள்கிறது, பிரவுசரில் அப்படி எடுக்க முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட்டை புராஜெக்டுக்குள்ளேயே வைத்து, தோற்ற அமைப்பான தீமில் கொடுங்கள். வசனம் ஒவ்வொரு எழுத்தாக வருகிற மாதிரி செய்தால் முதலில் க தோன்றி, அப்புறம் கெ ஆக மாறக்கூடும், கண்ணை உறுத்தும். சொல் சொல்லாக வரவிடுங்கள்.

தமிழ்க் கதைக்கு வெளியில் யார் காது கொடுப்பார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ் அம்மாவின் சமையலை வைத்துச் செய்த கேம். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருதையும், சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதல் பரிசையும் வாங்கியது. எழுதுங்கள், தயங்காதீர்கள்.

பென் டிரைவில் மாற்றி மாற்றி காப்பி செய்கிறோம். யாரோ ஒருவருடைய வேலை எப்போதும் அழிந்துபோகிறது. (முதலாண்டு மாணவர், நாகர்கோவில்)

கிட் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு மாலை போதும். ஒரு சீனை (கேமின் ஒரு பகுதி இருக்கும் ஃபைல்) ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் திறக்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். கிட் புராஜெக்டுகளை ஆன்லைனில் வைக்கும் கிட்ஹப் தளம் 100 எம்பிக்கு மேலான ஃபைலை ஏற்காது, பெரிய ஆடியோ, வீடியோவுக்கு அவற்றைத் தனியாக வைக்கும் எல்எஃப்எஸ் வசதியைப் போடுங்கள்.

சிம்போசியத்தில் ஸ்டால் போட்டோம். வந்தவர்கள் அரை நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்கள். (நான்காம் ஆண்டு மாணவர், வேலூர்)

செய்தவர் பக்கத்தில் நின்று "இப்போ இதை அழுத்துங்க, அங்கே போங்க" என்று சொல்லிக்கொடுத்தீர்களா? அதை நிறுத்துங்கள். வாயை மூடிக்கொண்டு, கையில் நோட்டுடன் பின்னால் நில்லுங்கள். எங்கே அவர் விரல் நிற்கிறது, எங்கே போனை எடுக்கிறார் என்று மட்டும் எழுதுங்கள். சிம்போசியம் வரை காத்திருக்கவும் வேண்டாம், வாரா வாரம் கேன்டீனில் உங்களைத் தெரியாத இரண்டு பேரிடம் ஆடக் கொடுங்கள். ஸ்டாலில் ஹெட்போன் இருக்கட்டும், ஒருவர் எழுந்ததும் ஒரே பட்டனில் கேம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் மகள் இந்த கிளப்பிலேயே இருக்கிறாள். ஆன்லைன் கேம் என்றாலே பயமாக இருக்கிறது. இதில் வேலை உண்டா? (ஒரு தந்தை, தஞ்சாவூர்)

உங்கள் பயம் நியாயமானது சார். நீங்கள் செய்தியில் பார்ப்பது ரம்மி போன்ற, பணம் கட்டி ஆடுபவை. அவற்றை 2025-ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. உங்கள் மகள் செய்வது மென்பொருள் உருவாக்கம்.

வேலையைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். கேம் ஸ்டுடியோக்கள் பெங்களூர், ஹைதராபாத், புனேயில்தான் கூடுதல், சென்னையில் குறைவு. ஆள் எடுக்கும்போது சான்றிதழைவிட முடித்த கேம்களைப் பார்ப்பார்கள். கேம் துறை வேண்டாம் என்று பிறகு முடிவெடுத்தாலும் அதே திறமை மற்ற மென்பொருள் வேலைகளுக்கும் உதவும். அரியர் வைக்காமல் படிக்கிறாளா என்று மட்டும் கேளுங்கள். அதை கிளப் சீனியர்களும் கேட்க வேண்டும், இன்டர்னல் தேர்வு வாரங்களில் கிளப்புக்கு விடுமுறை விட வேண்டும்.

செய்த கேமை ஸ்டீமில் விற்கலாமா? (மூன்றாம் ஆண்டு மாணவர், கோவை)

விற்கலாம். கணினி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும், வருமானம் 1,000 டாலரைத் தாண்டினால் அந்தத் தொகை திரும்பி வரும். அதற்கு முன் குழுவில் இருக்கும் எல்லாரும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: யாருக்கு எவ்வளவு பங்கு, பாதியில் விலகினால் என்ன, கேம் யார் பெயரில் இருக்கும். நண்பர்கள்தானே என்று விட்டால் நட்பும் போகும், கேமும் போகும்.

நாங்கள் பிளேஸ்மென்டுக்குப் போய்விட்டால் கிளப் நின்றுவிடுமோ என்று பயம். (நான்காம் ஆண்டு மாணவி, சென்னை)

நான்காம் ஆண்டில் பொறுப்பில் இருப்பதே சரியில்லை. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நடத்தட்டும், பிப்ரவரியில் அடுத்தவர்களிடம் கொடுத்துவிட்டு, செமஸ்டர் முடியும்வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளட்டும். ஒருவரிடம் கொடுக்காமல் இரண்டு பேரிடம் கொடுங்கள், அதில் ஒருவர் கோட் எழுதாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

கிட்ஹப், இட்ச், இன்ஸ்டாகிராம் எல்லாம் யாருடைய சொந்த மெயிலிலும் இருக்கக்கூடாது, கிளப்புக்கென்று ஒரு மெயில் ஐடி வேண்டும். டூ ஃபேக்டருக்குக் கொடுத்த போன் எண்ணையும் மாற்றுங்கள். பையனுக்கு வேலை கிடைத்து புனே போன பிறகு ஓடிபி கேட்டு போன் அடித்துக்கொண்டிருக்க முடியாது. அப்புறம், லேப் அனுமதிக்கு யாரைப் பார்க்க வேண்டும், எந்த மாதம் லெட்டர் கொடுக்க வேண்டும், எந்த சிஸ்டத்தில் சவுண்டு வராது என்பதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி, கிளப்பின் கோட் இருக்கும் கிட்ஹப் ரெப்பாசிட்டரியிலேயே போட்டுவையுங்கள். உங்களுக்குப் பிறகு வருகிறவர்கள் முதலில் தேடப்போவது அதைத்தான்.