லித்தாப்ஸ் (கூழாங்கல் போலிருக்கும் சதைப்பற்றுச் செடி) நடுவில் பிளந்து, வெளி இலை சுருங்குகிறது. தண்ணீர் விடலாமா?

இப்போது விடாதீர்கள், ஒரு சொட்டுகூட. செடி இலை மாற்றிக்கொண்டிருக்கிறது. லித்தாப்ஸில் ஒவ்வொரு தலைக்கும் ஒரே ஒரு ஜோடி இலைதான். அடுத்த ஜோடி அதற்குள்ளேயே உருவாகி, பழைய இலையில் சேர்ந்திருக்கும் நீரை உறிஞ்சித்தான் பெரிதாகும். அதனால் வெளி இலை சுருங்கத்தான் வேண்டும். இந்த நேரத்தில் மண்ணில் ஈரம் இருந்தால் வெளி இலை வற்றாமல் கொழுகொழுவென்று நின்று புது இலையை நெரிக்கும். இரண்டு அடுக்காகச் செடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். பிறகு அழுகலும் வரும். பழைய இலை காகிதம்போல் காயும்வரை, சில மாதங்கள் ஆனாலும், பொறுங்கள். கையால் உரிக்க வேண்டாம்.

பழைய இலை காய்ந்தபின் மாலையில், அடி ஓட்டை வழியே வழியும்வரை ஒருமுறை நன்றாக ஊற்றுங்கள். அடுத்த தண்ணீர், மண் அடிவரை காய்ந்து, இலையின் பக்கவாட்டில் சுருக்கம் விழுந்த பிறகுதான். கிழமை கணக்கு வைத்து ஊற்றுவதால்தான் பல செடிகள் போகின்றன. ஊற்றி நாலைந்து நாளாகியும் சுருக்கம் நிமிரவில்லையென்றால் மேலும் ஊற்றாதீர்கள், வேரைப் பாருங்கள். அழுகியிருக்கலாம், அல்லது பஞ்சுபோல் மாவுப்பூச்சி இருக்கலாம். பூச்சியென்றால் வேரைக் கழுவி, மூன்று நாள் நிழலில் உலர்த்தி, புதுக் கலவையில் நடுங்கள்.

தென்னாப்பிரிக்கா, நமீபியாவின் வறண்ட சரளை நிலத்துச் செடி இது. இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். நம் கோடையில் இரவும் புழுங்குவதால் வளர்ச்சி அடங்கிவிடும். வேர் எடுக்காத நீர் மண்ணிலேயே தங்கும். ஏப்ரல், மே மாதங்களில் கையை இன்னும் இறுக்கிப் பிடியுங்கள்.

நர்சரியில் கோகோபீட்டில் (தென்னை நார்த் தூளில்) வைத்துத் தந்திருந்தால் அதை முழுக்க உதறிவிடுங்கள். பியூமிஸ் (துளைகள் நிறைந்த எரிமலைக் கல்) அல்லது தூசி சலித்த 2–4 மி.மீ. பொடி ஜல்லி எட்டுப் பங்கு, மக்கிய இலை உரம் இரண்டு பங்கு போதும். ஆணிவேர் இறங்க 10 செ.மீ. ஆழத் தொட்டி வேண்டும். ஓட்டையில்லாத கண்ணாடிக் குடுவை அழகாக இருக்கும், ஆனால் இந்தச் செடிக்கு அது ஆகாது.

காலை வெயில் நான்கு மணி நேரமாவது படும் ஜன்னலில் வையுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் செடி கூழாங்கல் உருவத்தை விட்டு உயரமாக நீளும். நீண்ட இலை மறுபடி குட்டையாகாது. அடுத்த ஜோடிதான் சரியாக வரும். அதற்காக ஒரே நாளில் வெயிலுக்கு மாற்றினால் வெந்துவிடும். இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.