பிச்சாவரம் போக முன்பணம் கட்டலாமா?

கேள்வி: நாங்கள் ஆறு பேர், அதில் இருவர் வயதானவர்கள். நவம்பரில் சிதம்பரம் கோயிலோடு பிச்சாவரம் சுரபுன்னைக் (மாங்குரோவ்) காடும் பார்க்க ஆசை. ‘முழுநாள் படகுப் பயணம், மதியச் சாப்பாட்டுடன்’ என்று ஒரு ஏஜென்ட் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். ரத்தானால் திரும்பக் கிடைக்காதாம். கட்டலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த ‘முழுநாளில்’ படகில் எத்தனை மணி நேரம் என்று முதலில் கேளுங்கள். பிச்சாவரத்தில் சவாரி மணிக்கணக்கில்தான். மீதியெல்லாம் வேனும் சாப்பாடும். சிதம்பரத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். நீங்களே போய், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையில் டிக்கெட் எடுக்கலாம். வேன் வசதிக்காக ஏஜென்ட் வேண்டுமென்றால் சரி, ஆனால் படகுக் கட்டணம் எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள்.

அடுத்தது, எந்தப் படகு? விளம்பரங்களில் இதைத்தான் சொல்லாமல் விடுவார்கள். மோட்டார் படகு அகலமான நீர்வழியோடு திரும்பிவிடும். சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் தண்ணீரில் இறங்கி, கிளைகள் தலைக்கு மேலே கூடி நிற்கும் குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். விளம்பரப் படத்தில் நீங்கள் பார்த்தது அந்த இடமாகத்தான் இருக்கும். என் கணக்கில், மோட்டார் படகில் போவது பாதிப் பிச்சாவரம். பெரியவர்களுக்கு நீண்ட நேரம் உட்கார முடியாது என்றால் சவாரி நேரத்தைக் குறையுங்கள், படகை மாற்றாதீர்கள்.

நடுத் தண்ணீரில் ‘உள்ளே போகணும்னா தனியா கொடுங்க’ என்ற பேச்சும் வரலாம். எந்த வழி, எவ்வளவு நேரம் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். வெயிலில் துடுப்புப் போட்டவருக்கு நீங்களாக ஏதாவது கொடுப்பது வேறு விஷயம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் மட்டும் ஏறாதீர்கள்.

நவம்பர் என்பதால் இன்னொன்று. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் எச்சரிக்கை வந்தால் படகு ஓடாது. ‘படகு நிறுத்தப்பட்டால் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும்’ என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? ரசீதில் ‘நோ ரீஃபண்ட்’ என்று அச்சடித்திருந்தாலும், நடக்காத சேவைக்குப் பணத்தைக் கேட்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி உண்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணமே கிடையாது.