மரபணு மாறுபாடுகளை வகைப்படுத்தும் பணி: கணினியே செய்துவிடாதா?

உங்கள் மகள் உயிர்வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு, பரம்பரை வளர்சிதை மாற்ற நோய்களுக்குக் காரணமான மரபணு மாறுபாடுகளை வகைப்படுத்தும் பணிக்குச் செல்ல விரும்புவதாகவும், அதைக் கணினியே செய்துவிடுமே என்று நீங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அச்சத்தில் பாதி நியாயமானது.

ஃபினைல்கீட்டோன்யூரியாவை எடுத்துக்கொள்வோம். நார்வே மருத்துவர் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் 1934இல் விவரித்த இந்நோயில், ஃபினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை மாற்றும் நொதியை உருவாக்கும் பி.ஏ.எச். மரபணுவின் இரு பிரதிகளும் பழுதுபட்டிருப்பதால், அந்த அமிலம் இரத்தத்தில் தேங்கி, சிகிச்சை இல்லாவிட்டால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. இம்மரபணுவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாறுபாடுகள் பதிவாகியுள்ளன. புதிதாக ஒன்று அகப்பட்டால், அது மக்களிடையே எவ்வளவு அரிது, நொதியைக் குலைக்கக்கூடுமா என்பவற்றை மென்பொருள் நொடியில் சொல்லிவிடும். ஆனால், குழந்தையிடம் உள்ள இரு மாறுபாடுகளும் பெற்றோர் இருவரிடமிருந்து ஒவ்வொன்றாக வந்தவையா அல்லது ஒரே பிரதியில் சேர்ந்திருப்பவையா, ஃபினைல்அலனின் உயர்வுக்கு, அந்த நொதிக்குத் துணைபுரியும் டெட்ராஹைட்ரோபயாப்டெரின் என்னும் பொருளின் குறைபாடு காரணமன்று என்று உறுதிசெய்யப்பட்டதா, இரண்டு கட்டுரைகளில் வரும் நோயாளி உண்மையில் ஒருவரேயா என்பனவற்றையெல்லாம் ஆராய்ந்து முடிவுக்குப் பொறுப்பேற்க ஒரு மனிதர் வேண்டும்.

அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியும் மூலக்கூறு நோயியல் சங்கமும் 2015இல் வெளியிட்ட நெறிமுறை, சான்றுகளை எடைபோட்டு மாறுபாட்டை ஐந்து வகைகளுள் ஒன்றில் சேர்க்கச் சொல்கிறது. ஒரு முனையில் நோய் விளைவிப்பது, மறுமுனையில் தீங்கற்றது. நடுவில் இருப்பது ‘முக்கியத்துவம் உறுதியாகாதது’. என் கணிப்பில், இப்பணிக்கு ஒருவர் தகுதியானவரா என்பதை அந்த நடுவகைதான் காட்டிக்கொடுக்கும். சான்று போதாதபோது, மருத்துவரும் குடும்பமும் விடைக்குக் காத்திருந்தாலும், போதாது என்றே எழுதும் துணிவு வேண்டும்.

முதுகலைப் பட்டம் நுழைவதற்குப் பல இடங்களில் போதும். அறிக்கையில் கையொப்பமிடும் நிலைக்கு உயர, நாட்டுக்கு நாடு மாறுபடும் மேற்படிப்போ தொழில்முறை அங்கீகாரமோ தேவைப்படும். குறுகிய காலச் சான்றிதழ் வகுப்புக்கு இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். மரபணு மாறுபாடுகளும் அவற்றின் வகைப்பாடுகளும் பதிவாகும் கிளின்வார் தரவுத்தளம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. அதில் வல்லுநர் குழு ஆராய்ந்த பி.ஏ.எச். மாறுபாடுகள் பத்தை எடுத்து, முடிவைப் பாராமல், தாமே சான்றுகளைத் திரட்டி எழுதிப் பிறகு ஒப்பிடுமாறு உங்கள் மகளிடம் சொல்லுங்கள். ஓரிரு இடங்களில் தம் முடிவு வேறுபட்டிருப்பதைக் கண்டு, அது ஏன் என்று மூலக் கட்டுரைகளை அவர் தேடிப் படிக்கத் தொடங்கினால், அடுத்த கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள்.